ஒரே ஆளுக்கு ஆறு நாற்காலி

எங்கள் தொழிலில் ஓர் ஆள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால், குறைந்தது நான்கு பேருக்காவது நாற்காலி போட வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு நாளிதழின் சித்தூர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் மனநல ஆலோசனை படித்தவன் நான். திங்கள் முதல் புதன் வரை சித்தூரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில். வியாழன் முதல் சனி வரை திருப்பதியில், ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கை ஒட்டிய அறையில். நான் கற்றுக்கொண்ட முறை சிக்கலானதல்ல. ஒரு மனிதருக்குள் ஒரே ஆள் இல்லை. திட்டுகிறவர் ஒருவர், பயப்படுகிறவர் ஒருவர், எதுவும் வேண்டாமென்று போர்வைக்குள் செல்போன் பார்க்கிறவர் ஒருவர் என்று பல பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாற்காலி. வந்தவர் மாறி மாறி உட்கார்ந்து, அந்தந்தப் பகுதியாகப் பேச வேண்டும். யாரையும் வெளியே துரத்துவதில்லை. எல்லோரும் ஏதோ ஒரு நல்ல எண்ணத்தில்தான் தொல்லை கொடுக்கிறார்கள் என்பது எங்கள் கட்சி.

சிரிக்க வேண்டாம். இன்று காலை அலாரத்தை அணைத்தவர், அணைத்தவரைத் திட்டியவர், இரண்டு பேரையும் சமாதானப்படுத்திப் பல் துலக்க அழைத்துப் போனவர் என்று மூன்று பேராகத்தான் நீங்களும் எழுந்தீர்கள். ஆகையால் சக நோயாளிகளிடம் பேசுவதுபோலவே பேசுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் சொன்னதை மாற்றவில்லை.

காணாமல் போன பயம்

சித்தூரில் காலி நாற்காலி என்று ஒன்று கிடையாது. யாரும் உட்காராத நாற்காலியைப் பார்த்தால், வேலூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கூட மாடியேறி வந்து உட்கார்ந்துவிடுவார். இது தெரியாமல் ஆரம்பத்தில் அறைக் கதவைத் தாழிடாமலே வேலை செய்துகொண்டிருந்தேன்.

ஒரு பள்ளி ஆசிரியை வந்திருந்தார். தலைமையாசிரியர் கூப்பிட்டாலே கை நடுங்குகிறது என்பது அவர் பிரச்சினை. தன் பயத்தை ஜன்னலோர நீல நாற்காலியில் உட்கார வைத்து, அரை மணி நேரம் அதனிடம் பேசி, அழுது, கொஞ்சம் தெளிந்து, முகம் கழுவப் போனார். திரும்பி வந்தால் நாற்காலியைக் காணோம். "சார், என் பயம் எங்கே?" என்றார். எங்கள் தொழிலில் என்றாவது ஒரு நாள் காதில் விழாதா என்று ஏங்குகிற கேள்விதான். ஆனால் முதல் வாரத்திலேயே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

புத்தலப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து வரவேற்பைப் பார்த்துக்கொள்ளும் முனிலட்சுமி, வராந்தாவிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார்: "சார், மேடத்தோட பயத்துமேல வயசான நைனா ஒருத்தரு உக்காந்துகினு பேப்பர் படிக்கிறாரு. எழுப்பட்டா, படிச்சி முடிக்கட்டுமா?"

தெலுங்கில் திட்டுகிறவர்

தயாளன் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். வீட்டில் தமிழ். படித்ததும் வேலை பார்ப்பதும் தெலுங்கு. சரி என்று கையெழுத்துப் போட்ட டிரம்மையே மூன்று முறை திரும்பப் போய் மோந்து பார்க்கிறார், அதனால் லாரி தாமதமாகிறது, மேலாளர் கத்துகிறார். உள்ளே யார் இவரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேட்டு இரண்டு நாற்காலி போட்டேன்.

முதல் நாற்காலியில் உட்கார்ந்ததும் சரளமான தெலுங்கில் வசை பொழிந்தார். எதிர் நாற்காலிக்கு மாறியதும் தமிழில், "பாத்துட்டேனே, நல்லாத்தானே இருந்துச்சி" என்று முனகினார். இருபது வருஷமாக இவர்கள் இருவரும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. திட்டுகிறவர் அதே விஷயத்தைத் தமிழில், கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் என்ன? தயாளன் கண்ணை மூடி முயன்றார். உதடு இரண்டு முறை அசைந்தது. பிறகு தலையை ஆட்டிவிட்டார்.

"ஃபேக்டரி விஷயம் சார் இது. தமிழ்ல சொன்னா நானே நம்ப மாட்டேன்."

நின்றபடியே முதல் நாள்

அதன் பிறகு யார் வந்தாலும், உள்ளே இருப்பவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். வரதனிடமும் கேட்டேன். "தமிழ்தான். ஆனா அப்பாகிட்டே பேசற தமிழ்" என்றார். வயது முப்பத்தைந்து. திருப்பதியில் ஒரு பெருமாள் கோவிலில் கோஷ்டியோடு வரிசையில் நின்று பாசுரம் ஓதுகிற, அவர்கள் பாஷையில் 'சேவிக்கிற', குடும்பம். கோஷ்டியில் முதல் வரியை எடுத்துக் கொடுக்கிற உரிமை அவர் அப்பாவுக்கு இருந்தது. அப்பா போய்ப் பத்து மாதம். இடம் வரதனுக்கு வந்தது, குரல் வரவில்லை. முதல் வரி வராததால் அடுத்த வரிகளும் வருவதில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி, பத்து மாதமாக வரிசையில் நின்று வெறுமனே வாயசைக்கிறார். தம்பி முறையாகும் சித்தப்பா பிள்ளை தற்காலிகமாக எடுத்துக் கொடுக்கிறார். ஏழு வாரத்தில் உற்சவம். முதல் நாள் வரதன் எடுத்துக் கொடுக்காவிட்டால் அந்த இடம் நிரந்தரமாகத் தம்பிக்கு என்று பெரியவர்கள் சொல்லியாகிவிட்டது. வேலூரில் தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது, என்னைப் போன்ற யாரையாவது பார்க்கலாம் என்று அனுப்பியிருந்தார்.

"முதல் வரி வாய்க்கு வரும்போது உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். "அப்பா" என்றவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "இதிலேயா?" என்று அதிர்ந்து, சுற்றிலும் பார்த்து, மெத்தை வைத்த என் நாற்காலியை எடுத்து அப்பாவுக்குப் போட்டார். இப்போது அறையில் அப்பாவைத் தவிர யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஐம்பது நிமிஷம் நின்றோம். எனக்கு முழங்கால் வலி உண்டு. அதைக் கவனித்துவிட்டு வரதன் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்.

"நீங்க உட்காருங்கோ சார். உங்களுக்கென்ன, அவர் உங்களுக்கு அப்பா இல்லையே."

ஒரு விண்ணப்பம்

எங்கள் முறையில் ஒரு கட்டம் உண்டு. வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் பகுதியிடம், கொஞ்சம் தள்ளி நில் என்று கேட்க வேண்டும். புத்தகங்களில் இது அரை வரி. அடுத்த வியாழன் வரதனிடம் சொன்னபோது முகம் வெளுத்துவிட்டது. "அப்பாவைத் தள்ளி நிக்கச் சொல்றதா? எந்த வாயால சார்?"

சரி, மரியாதையாகக் கேட்கலாம் என்று இருவருமாக வாசகம் எழுதினோம். வரதனின் முதல் பிரதி ஒரு பக்கம் வந்தது. "அடியேனுடைய அபராதங்களைப் பொறுத்தருளி" என்று தொடங்கி, மூன்றாவது பத்தி வரை விஷயத்துக்கே வரவில்லை. பழைய பழக்கத்தில் சிவப்பு மை எடுத்து வெட்டினேன். வெட்டிய அபராதத்தை அவர் திரும்பச் சேர்த்தார். நாற்பது நிமிஷம் கழித்து ஒரே வாக்கியம் மிஞ்சியது: "அப்பா, திருவுள்ளமானால் ஒரு ரெண்டு நிமிஷம் பக்கத்து நாற்காலியில் எழுந்தருளியிருக்கலாமோ?" மெத்தை நாற்காலியைப் பார்த்துக் குனிந்து அதைச் சொன்னார். பிறகு கண்ணை மூடி வெகுநேரம் காத்திருந்தார்.

வரதன் கண்ணைத் திறந்தார். "'யோசிச்சுச் சொல்றேன்'னார்."

இரண்டு வரிசை

மூன்றாவது வாரம், அப்பா ஒரு பக்கம் யோசிக்கட்டும், மற்றவர்களையும் கூப்பிடலாம் என்று நினைத்தேன். ஆறு நாற்காலியை வட்டமாகப் போட்டேன். வரதன் வட்டத்தைப் பார்த்தார், கலைத்தார். கோஷ்டி நிற்பதுபோல இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, எதிரெதிராக. யாருக்கு எந்த இடம் என்பதில் அவருக்குள்ளேயே தகராறு வந்து, இரண்டு பகுதிகளை இடம் மாற்றி உட்கார வைத்து, பத்து நிமிஷம் போயிற்று. பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அவர் மனைவி வைஜயந்தி, ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், ஸ்கூட்டரில் கூட்டிப்போக வந்தவர், வாசலில் நின்று வரிசையைப் பார்த்தார். விளக்கம் கேட்கவில்லை. விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். "மெத்தை மாமனார். எதிர்ல குளியலறை வித்வான், உள்ளே தாழ்ப்பாள் போட்டா ஊரே கேக்கும், திறந்தா நிறுத்திடுவார். இவர் தொண்டை சரியில்லைன்னு டாக்டர்கிட்ட ஓடறவர். இவர் வாயசைக்கிறவர். இது தம்பியைப் பார்த்துப் பொருமறவர்." கதவோரம் இருந்த கடைசி நாற்காலியில் மட்டும் விரல் நின்றது. "அவன் பாடம் கேட்டுக்கறவன். பேசமாட்டான்" என்றார் வரதன்.

"தெரியுமே" என்றார் வைஜயந்தி. "இத்தனை பேரோடயும்தான் பதினோரு வருஷமா குடித்தனம் பண்றேன், நாற்காலி இல்லாம."

வருந்துகிறோம்

நான்காவது வாரம் நான் ஒரு தவறு செய்தேன். நாள் நெருங்குகிறது, அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். எனக்குள் இருந்த பழைய நிருபர் பொறுமையிழந்து எழுந்துவிட்டார். எந்த அலுவலகத்திலும் கோப்பை அமுக்கி வைத்திருப்பவரைக் கேள்வி கேட்டுப் பழகியவர் அவர். மெத்தை நாற்காலியைப் பார்த்து நேராகவே கேட்டேன்: "பத்து மாதமாகப் பிள்ளையின் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே, இது உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா?" வரதன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். அடுத்த வியாழன் வரவில்லை.

திங்கட்கிழமை சித்தூரில் முனிலட்சுமியிடம் போன் செய்யச் சொன்னேன். "எங்கப்பாவை நானே ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்னொருத்தர் சொல்லிக் கேட்டுண்டு நின்னேனே" என்று மட்டும் சொன்னாராம். இரண்டு வாரம்தான் பாக்கி. பத்திரிகையில் தப்பு செய்தால் உள்பக்கத்தில் இரண்டு வரி 'வருந்துகிறோம்' போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இங்கே உள்பக்கம் கிடையாது. ஒரு தடவை வாருங்கள், அப்பாவிடமே நேரில் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். ஒரு மனநல ஆலோசகர் போனில் விடக்கூடிய மிக விசித்திரமான செய்தி அதுதான் என்று அப்போதே தெரியும்.

போனை வைத்துவிட்டு முனிலட்சுமி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "இன்னா சார் நீ, உயிரோட கீறவங்களோட சண்டை போட்டா நான் பேசி சரி பண்ணுவேன். செத்தவரோட போட்டுகினா நான் இன்னா பண்றது?"

ஒரு கை

வரதன் வந்தார். நான் மெத்தை நாற்காலியின் முன் நின்று, அவசரப்பட்டுவிட்டேன், தவறு என்னுடையது என்று சொன்னேன். கேலியாகச் சொல்லவில்லை. சொல்லி முடித்துத் திரும்பியபோதுதான், ஆறு வாரமாகப் பார்த்துக்கொண்டே இருந்த ஒன்றைக் கவனித்தேன். அப்பாவின் நாற்காலி முன் நிற்கும்போதெல்லாம் வரதனின் வலது கை வாயைப் பொத்தியிருந்தது, இடது கை அந்த முழங்கையைத் தாங்கியிருந்தது. எப்போது பழகிய பழக்கம் என்று கேட்டேன். அப்பா பாடம் சொல்லும்போது இப்படித்தான் நிற்க வேண்டுமாம். அப்பா ஒரு தடவை சொல்வார், பிள்ளை இரண்டு தடவை சொல்ல வேண்டும். "எப்போது கையை எடுப்பீர்கள்?" என்றேன். "'சொல்லு'ன்னு அப்பா சொன்னப்புறம்." சொல்லிவிட்டு அப்படியே நின்றார். எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்துவிட்டது. அப்பா தொண்டையைப் பிடித்திருக்கவே இல்லை. கதவோர நாற்காலியில் பாடம் கேட்டுக்கொள்கிறவன், பத்து மாதமாக வாயைப் பொத்திக்கொண்டு, 'சொல்லு' என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறான். சொல்ல வேண்டியவர் போய்விட்டார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இனி அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வரதன்தான். ஆனால் அப்பாவின் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அரை மணி நேரம் வாதாடினார். கடைசியில் அங்கவஸ்திரத்தை மடித்துப் போட்டு, விளிம்பில் கால்வாசி இடத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். கதவோரத்தைப் பார்த்து, என்னிடம் ஒருநாளும் பேசாத குரலில், "சொல்லுடா வரதா" என்றார். பிறகு ஓடாத குறையாகக் கதவோரம் போய் நின்று, வாயிலிருந்து கையை எடுத்தார். முதல் வரி வந்தது. கண்ணாடி டம்ளர் அதிர்கிற மாதிரி வந்தது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

அடுத்த நிமிஷம் கதவு தட்டப்பட்டது. பல் கிளினிக்கின் நர்ஸ், கையுறை போட்ட கையோடு நின்றார். சத்தத்துக்குச் சண்டை பிடிக்க வந்தார் என்று நினைத்தேன். "சார், இன்னொண்ணு பாடச் சொல்லுங்க. வாயைத் திற, திறன்னு டாக்டர் கெஞ்சிக்கினு இருந்தாரு. இப்ப பேஷன்ட் தானா திறந்து வெச்சிக்கினு கேக்கறாரு."

முதல் நாள் காலை

அறையில் வருவது வேறு, சந்நிதியில் வருவது வேறு. உற்சவத்தின் முதல் நாள் காலை நான் கூட்டத்தோடு ஒரு தூணை ஒட்டி நின்றேன். கோஷ்டி இரண்டு வரிசையாக நின்றது. தம்பிக்காரர் எதிர் வரிசையில். பெரியவர் ஒருவர் வரதனைப் பார்த்துத் தலையசைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஐந்து. எட்டு. தம்பிக்காரர் ஓரடி முன்னே வந்து வாயைத் திறந்தார். வைஜயந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வரதனின் உதடு அசைந்ததைப் பார்த்தேன், சத்தமில்லாமல். ஐயோ, பழையபடி வாயசைக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் சொன்னது பாசுரம் இல்லை, மூன்று எழுத்து: "சொல்லு." அடுத்த நொடி குரல் கிளம்பியது.

கிளம்பியது என்றால், வெகு உயரத்தில். பத்து மாதம் அடைபட்டிருந்தது மொத்தமும் ஒரே சுருதியில் வெளியே வந்துவிட்டது. எடுத்துக் கொடுப்பவர் எந்த உயரத்தில் எடுக்கிறாரோ அதே உயரத்தில்தான் மற்றவர்கள் பின்தொடர வேண்டும். எழுபது வயதுக்காரர்கள் கழுத்து நரம்பு புடைக்க எட்டிப் பிடித்தார்கள். ஒருவருக்கு இருமல் வந்தது. தம்பிக்காரர் ஒரே ஒரு கணம் திகைத்துவிட்டு, ஓரடி பின்னால் போய், இருந்த தொண்டையெல்லாம் கொடுத்துச் சேர்ந்துகொண்டார். வரதன் கடைசி வரி வரைக்கும் இறங்கவே இல்லை.

முடிந்ததும் தூணருகே, வரிசையில் எப்போதும் வரதனுக்குப் பக்கத்தில் நிற்கிற ராகவன் மாமா, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். வைஜயந்தி போய், "மாமா, நன்னா சேவிச்சாரா?" என்று கேட்டார். மாமா சொம்பைக் கீழே வைத்தார். குரல் கரகரவென்று வந்தது.

"பத்து மாசமா இவன் வாயசைக்கறது யாருக்கும் தெரியப்படாதுன்னு இவன் பங்கையும் சேர்த்து நான்தான் கத்திண்டிருந்தேன், இன்னிக்கு இவன் எடுத்த சுருதியில எனக்கு என் பங்கே வரலேம்மா!"

குணமாகிவிட்டார் என்பதற்கு என்ன சான்று என்று யாராவது கேட்டால் காட்ட, இத்தனை வருஷத் தொழிலில் என்னிடம் இருப்பது இந்த ஒரு புகார்தான்.